இடது முன்

சங்ககிரி பைபாஸில் எங்கள் கடை.
பிரேக் லைனிங் அடிப்பது அவர்,
சீட்டு எழுதுவது நான்.
வண்டி நம்பர், கிலோமீட்டர்,
எந்தச் சக்கரம்: இடது முன், வலது பின்.
இருபத்தாறு வருசத்தில்
இதில் மட்டும் தப்பு விட்டதில்லை.
விட்டால் தொப்பூர் இறக்கத்தில்
யாரோ ஒருவருக்குத்தான் தெரியும்.

போன பங்குனியில் நுரையீரலில் கட்டி என்றார்கள்.
மூன்று வாரத்துக்கு ஒருக்கா
கோயமுத்தூரில் சொட்டுச் சொட்டாக ஏறுகிறது மருந்து.

"ஒடம்புக்குள்ள காவல்காரங்க இருக்காங்க, சாந்தாமணி.
அவங்க பிரேக்கைக் கட்டி மிதிச்சுப் புடிச்சிருக்கு.
அந்தக் காலை எடுத்துவிடத்தான் இந்த மருந்து"
என்றார் டாக்டர் மிருதுளா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
பிரேக்கைப் பிடுங்கவா இத்தனை லட்சம்?
வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.
அன்றிரவு கடையில்
கழற்றிப் போட்ட ஒரு டிரம்மை
வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

ஐப்பசி மழையோடு காய்ச்சலும் வந்தது ஊருக்கு.
ஃப்ளூ ஊசி போட்டுக்கச் சொன்னது ஆஸ்பத்திரி.
வேண்டவே வேண்டாமென்றார் கொழுந்தனார்.
கைப்பேசியில் முகம் தெரியாத ஒருவன்
அழாத குறையாகக் கெஞ்சினான்.
பிரேக் இல்லாத வண்டிக்கு
இன்னும் ஒரு மிதி ஆக்சிலேட்டரா
என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டேன்.

பக்கத்து நாற்காலியில் அதே மருந்து ஏற்றிக்கொள்ளும்
நாமக்கல் பண்ணைக்காரர் சென்னியப்பன்
மெதுவாகச் சொன்னார்:
"நாப்பதாயிரம் கோழிக்கு நாள் பாத்துப் போட்டவனுங்க.
எனக்குன்னதும் கையி நடுங்குதுங்."

நேராகவே கேட்டுவிட்டேன்.
"உசுருள்ள கிருமில செய்யற ஊசி உங்களுக்கு இப்ப ஆகாது.
இது செத்த கிருமி.
இந்த மருந்து ஏத்தறவங்க நெறையப் பேர் போட்டிருக்காங்க,
மத்தவங்களுக்கு ஆனதைவிடப் பெருசா ஒண்ணும் ஆகல.
ஒண்ணுமே ஆகாதுன்னு சத்தியம் பண்ணமாட்டேன்.
போடாம இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னும்
சத்தியம் பண்ணமாட்டேன்."

சத்தியம் பண்ணாத வாயை
நம்பலாம் போலிருந்தது.

அன்றைக்குக் கடைச் சீட்டில்
வண்டி நம்பர் எழுதும் இடத்தில் என் பேர் எழுதினேன்.
தேதி. ஃப்ளூ ஊசி.
இடது கை, மேலே.
பழக்க தோசம்.

ராத்திரி நூறைத் தாண்டியது காய்ச்சல்.
வயித்தாலே போகுதா, மூச்சு வாங்குதா,
தோல் அரிக்குதா என்று
பிரிஸில்லா சிஸ்டர் கொடுத்த தாளை வைத்துக்கொண்டு
மணிக்கொருதரம் எழுப்பிக் கேட்டார்.
இல்லை, இல்லை, இல்லை,
தூங்க விடுங்கள்.
ஃபோனில் சிஸ்டர், "ரெண்டு நாள் பாருங்க,
மூணாவது நாளும் அடிச்சா பஸ் ஏறிருங்க" என்றார்.
ரெண்டாம் நாள் காலையில்
சந்தகையும் தேங்காய்ப்பாலும்
மறுசோறு கேட்டுச் சாப்பிட்டேன்.

பதினோராம் நாள் ஸ்கேன்.
கட்டி கொஞ்சம் சுருங்கியிருந்தது.
ஆனால் இடது அக்குளில்
புதிதாய் ஒரு வெளிச்சம்.
படம் பார்க்கும் பையன் டாக்டர் ஒன்றும் பேசவில்லை.
பிறகு ஏதோ பேசினான், பரவல் என்பது மட்டும் கேட்டது.
இவர் என் முழங்கையைப் பிடித்த பிடியில்
வளையல் ஒன்று உடைந்தது.

பர்சைத் துழாவினேன்.
கிரீஸ் விரல் பதிந்த சீட்டு.
மிருதுளா ரெண்டு தரம் படித்தார்.
"ஊசி போட்ட பக்கந்தான். நெறி கட்டியிருக்கலாம்.
காவல்காரங்க முழிச்சிட்டாங்கன்னு அர்த்தமா இருக்கலாம்.
ஆறு வாரம் கழிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்."

இருக்கலாம்.
அதை மடித்து அதே பர்சில் வைத்துக்கொண்டேன்.

இன்னும் நாலு வாரம் இருக்கிறது.
குளிக்கும்போது விரல் தானாகப் போகிறது அங்கே;
அவரைக்கொட்டை அளவு, அமுக்கினால் லேசாய் வலி.
நேற்றுச் சென்னியப்பன் கூப்பிட்டார்:
போட்டுக்கிட்டாராம், காய்ச்சல் கூட இல்லையாம்,
கோழிகள் கேட்டால் சிரிக்குமாம்.

"எந்தக் கைங்க?" என்றேன்.
யோசித்தார்.
"சோத்துக் கைன்னு நெனைக்கறேன்."

நெனைக்காதீங்க, எழுதி வைங்க,
என்று சொல்லிவிட்டு
வாசலில் வந்து நின்ற ரிக் லாரிக்கு
புதுச் சீட்டுக் கிழித்தேன்.